புல்லு பிடுங்குற வேலையா அது?

வழக்கம்போல இதுவும் நீளமான பதிவுதான். பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை படியுங்கள். இதில் நான் செய்த தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அடுத்தவர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரும்.

விஷயம் ஒரு வீட்டுப் புல்தரை. ஆங்கிலத்தில் லான் என்போமே, அது. "ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேற விஷயம் கிடைக்கலையா"ன்னு சிரிக்காதீங்க. அந்தப் புல்தரையால் ஒரு மனுஷனுக்கு வரவேண்டிய 9,000 ரூபாய் இன்னும் வரவில்லை. அவன் என் மாணவன். பணம் தரவேண்டியவர் என் சொந்தக்காரர். நடுவில் ஆள் பேசிவிட்டது நான்.

எங்கள் தச்சநல்லூரிலிருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் என் நாத்தனார் மகன் வீடு. எனக்கு மருமகன் முறை. வெளியூரில் நல்ல வேலையில் இருந்து, ஓடி ஓடிச் சம்பாதித்து, ஊர்ப்பக்கம் வந்து ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. வீட்டுக்கு முன்னால் சுமார் 1,200 சதுர அடிக்குப் புல்தரை. போட்டு ஆறு வருஷம் இருக்கும். முதல் இரண்டு வருஷம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்றோ, நடந்தால் பஞ்சு மெத்தை மாதிரி அமுங்கும். ஆனால் ஒரு நாள் தண்ணீர் விடாவிட்டால் மறுநாளே வாடும். அங்கங்கே வைக்கோல் நிறத்தில் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. தோட்டக்காரர் மாசாமாசம் யூரியா போட்டார். தினம் சாயங்காலம் பத்து நிமிஷம் ஹோஸில் தண்ணீர் அடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

"அத்தை, உங்க ஸ்டூடன்ட்ஸ்ல யாராச்சும் இந்த வேலை தெரிஞ்சவங்க இருக்காங்களா?"ன்னு மருமகன் கேட்டார். ஒரு பையன் ஞாபகம் வந்தான்.

பெயர் வேண்டாம். கூடப் படித்தவர்களுக்குப் புரியும். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். அறிவியல் பாடத்தில் 35 மார்க்கைத் தாண்ட மாட்டான். ஒரு நாள் பரீட்சைத் தாளைக் கையில் கொடுக்கும்போது, வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, "நீ புல்லு பிடுங்கத்தாம்ல லாயக்கு"ன்னு சொன்னேன். எனக்கு அது மறந்தே போய்விட்டது. அவனுக்கு மறக்கவில்லை.

படிப்பு முடித்து துபாய் போனான். கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல் பராமரிக்கிற வேலை, ஒன்பது வருஷம். கொரோனா சமயத்தில் ஊர் திரும்பி, பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு, இரண்டு பையன்களைக் கூட வைத்துக்கொண்டு, வீடு, ஹோட்டல், கல்லூரி வளாகம் என்று புல்தரை வேலை எடுத்துச் செய்கிறான்.

ஆனி மாசம் முதல் வாரம். வந்து பார்த்தான், நானும் கூட இருந்தேன். புல்லை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துத் தரையில் சதுரமாகக் கீறி, அல்வாத் துண்டு எடுக்கிற மாதிரி ஒரு துண்டைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"டீச்சர், நீங்கதான் வேர் பாடம் நடத்துனீங்க. இதுல வேர் எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

மேலே விரற்கடை உயரத்துக்குப் பச்சை. அடியில் மண். இரண்டுக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பழுப்பு நிறத்தில், தேங்காய் நாரைப் பிரித்துப் பிசைந்து அமுக்கி வைத்த மாதிரி ஒரு பொருள். புல்லின் வேர் எல்லாம் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. மண்ணுக்குள் போனது கொஞ்சமே கொஞ்சம். 31 வருஷம் வேர்த்தொகுப்பைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினவள் நான். வீட்டு வாசலில் இருக்கிற புல்லுக்கு வேர் மண்ணிலேயே இல்லை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதன் பெயர் தாட்ச் என்றான். நம் பக்கத்துப் பேச்சில் சண்டு என்று வைத்துக்கொள்ளலாம். புல்லின் செத்துப்போன தண்டு, தரையில் ஓடுகிற கொடித்தண்டு, பழைய வேர் எல்லாம் மட்காமல் சேர்ந்து சேர்ந்து அமுங்கி உண்டாகிற அடுக்கு. கொஞ்சம் இருந்தால் நல்லது. வெயில் நேரே மண்ணில் படாமல் காக்கும். அரை அங்குலத்துக்கு மேல் போனால் ஆபத்து. விடுகிற தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. சந்தேகமாகப் பார்த்த எனக்கு, ஒரு செம்புத் தண்ணீரைக் காய்ந்த திட்டில் ஊற்றிக் காட்டினான். மேலேயே உருண்டு பக்கத்தில் ஓடிவிட்டது. பூஞ்சையும் பூச்சியும் குடியிருக்க அது நல்ல இடம்.

"புல்லை வெட்டி அப்படியே போட்டதால சேர்ந்திருக்குமோ?"ன்னு கேட்டேன்.

"இல்ல டீச்சர். வெட்டுன இலை ரெண்டு வாரத்துல மட்கிரும், அது பெரும்பாலும் தண்ணிதான். தண்டும் வேரும்தான் மட்காது. யூரியாவை அள்ளிப் போட்டா தண்டு வேகமா வளரும், மட்கறதுக்கு நேரம் கிடைக்காது. தினம் பத்து நிமிஷம் தண்ணி காட்டுனா வேருக்குக் கீழ போகணும்னு தேவையே இல்ல. மேலயே உக்காந்து சாப்பிடுது."

அந்தப் பதிலுக்கு நான் 35 போட்டிருக்க மாட்டேன்.

வேலையை விவரமாகச் சொன்னான். முதலில் புல்லை ஒட்ட வெட்டணும். பிறகு செங்குத்தாகப் பிளேடு சுழல்கிற மெஷினை — வெர்டிகட்டர் என்று பெயர் — நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை ஓட்டி, சண்டைக் கிழித்து மேலே கொண்டுவரணும். வாரி எடுத்துச் சாக்கில் கட்டணும். இதற்கு டீதாட்சிங் என்று பெயர். அதன் பிறகு மண்ணைக் குத்தி இளக்கி, இருக்கிற புல்லுக்கு நடுவிலேயே புது விதை தூவணும். அது ஓவர்சீடிங்; மேல்விதைப்பு என்று நாம் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். சண்டை எடுக்காமல் விதை தூவினால் விதை மண்ணைத் தொடாமல் நாருக்கு மேலேயே கிடந்து முளைவிட்டுக் கருகிப்போகும். நம் வீட்டு மொட்டை மாடியில் நெல்லைத் தூவிவிட்டு நாற்று வரும் என்று காத்திருக்கிற மாதிரி.

இங்கே ஒரு தகவல். பெர்முடா கிராஸ் என்று கடையில் விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான். சைனோடான் டாக்டைலான். இதற்கு விதை கிடைக்கும். விதையே பிடிக்காத கலப்பின வகைகளும் உண்டு. அதைக் கொடி நட்டுத்தான் பெருக்கணும். பல வீடுகளில் போடுகிற கொரியன் புல்லையும் பாய் பாயாகவோ துண்டு துண்டாகவோ பதிப்பதுதான் வழக்கம். ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது என்ன புல் என்று தெரியாமலேயே "விதை போட்டுத் தாரேன்" என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். மருமகன் வீட்டில் இருந்தது விதை போடக்கூடிய சாதாரண அருகு.

"எட்டு வாரம் குடுங்க அண்ணாச்சி. முதல் மூணு வாரம் பாக்கவே சகிக்காது. கட்டாந்தரை மாதிரி இருக்கும். அப்புறம் மூடிரும். வெயில் இருக்கும்போதே செஞ்சிரணும். ஐப்பசி மழையில விதைச்சா விதை ரோட்டுக்கு ஓடிரும்"னு சொன்னான். மொத்தம் 14,000 ரூபாய் பேசினான். மருமகன் "யோசிச்சுச் சொல்லுதேன்"னார்.

யோசித்தார், யோசித்தார், ஆடி மாசமே முடியப் போயிற்று. அப்போதுதான் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் ஆவணியில், வீட்டிலேயே என்று முடிவானது. போனைப் போட்டார். மூன்று வாரம்தான் இருந்தது.

அவன் முடியாது என்று தெளிவாகச் சொன்னான். "விசேஷத்தை முடிச்சிக்கிடுங்க. இப்பம் இருக்கது இருக்கட்டும், நல்லா வெட்டி அழகா ஆக்கித் தாரேன், காசு வேண்டாம். விசேஷம் முடிஞ்ச மறுநாள் வேலையை ஆரம்பிக்கேன்." மருமகனுக்கு மனசு ஒப்பவில்லை. "சம்பந்தி வீட்டுக்காரங்க வரும்போது இந்தத் திட்டு திட்டா இருக்கதைக் காட்டவா? உன்னால முடியாட்டி வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

இங்கேதான் என் தப்பு. அன்று சாயங்காலம் நான் அவனுக்குப் போன் போட்டேன். "எனக்காகச் செஞ்சு குடுய்யா. எப்படியாச்சும் பாத்துக்கிடு." டீச்சர் கேட்டால் அவன் என்ன செய்வான்? ஐந்து நொடி பேசாமல் இருந்தான். "சரி டீச்சர். பச்சை தெரியும். மெத்தை மாதிரி இருக்காது. ஆள் மிதிக்கக் கூடாது. இதை அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லிருங்க"ன்னான். நான் சொன்னேன். சொன்னேன் என்றால், கல்யாணப் பேச்சுக்கு நடுவில் ஒரு வாக்கியமாகச் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று திரும்பக் கேட்கவில்லை.

வேலை நடந்த இரண்டு நாளும் நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். 22 சாக்குச் சண்டு வந்தது. இத்தனையும் இந்தத் தரைக்குள்ளா இருந்தது என்று தோட்டக்காரரே வாயைப் பிளந்தார். பிறகு விதை. அருகம்புல் விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில். கையால் அப்படியே வீசினால் ஓரிடத்தில் கொட்டும். ஒரு கிலோ விதையைச் சலித்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் நடந்து நடந்து தூவினான். மேலே சலித்த மண்ணும் மட்கிய உரமும் கலந்து விதை மறைந்தும் மறையாத அளவுக்குப் போர்த்தினான். கனமாகப் போட்டால் இத்தனூண்டு விதைக்கு முட்டி வெளியே வரத் தெம்பு இருக்காதாம். அதன் பிறகு ஒரு நாளைக்கு நான்கு தடவை, பூவாளியில் விடுகிற மாதிரி மெல்லத் தண்ணீர். மண் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது. முளைத்து வேர் பிடித்த பிறகு தடவையைக் குறைத்து ஆழமாக விடணும்.

நம் வயற்காட்டில் கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் நாற்றங்கால் பாவுகிற பெரியவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மண்ணை எடுத்து விரலில் நசுக்கி "பதம் வரல"ன்னு ஒரு நாள் தள்ளிப்போடுவார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்த மாட்டார்கள். இவன் கையிலும் அதே பதம் பார்க்கிற விரலைத்தான் கண்டேன்.

பத்தாம் நாள் பச்சை தெரிந்தது. குழந்தைத் தலைமுடி மாதிரி. மூன்றாம் வாரம் பழைய அருகும் துளிர்த்துக் கொடி விட ஆரம்பித்தது. ஆனாலும் நடுவில் மண் தெரிந்தது. அவன் சொன்னபடியேதான் இருந்தது.

விசேஷத்தன்று என்ன நடந்தது? அதே இடத்தில் பந்தல். கால் ஊன்றப் பள்ளம். 200 நாற்காலி. மண் சேலையில் ஒட்டுகிறது என்று யாரோ சொல்ல, மேலே பச்சை கார்ப்பெட் விரித்தார்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி. மறுநாள் சுருட்டி எடுத்தபோது மூன்று வாரப் புல் மண்ணோடு அப்பிக் கிடந்தது.

பாக்கி 9,000 வாங்க அவன் வந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருந்தோம். "நல்லா இருந்த லானைக் கட்டாந்தரையாக்கிட்டு காசு வேறயா? இந்த புல்லு பிடுங்குற வேலைக்கு அட்வான்ஸ் குடுத்ததே ஜாஸ்தி"ன்னு மருமகன் சத்தம் போட்டார். நான் கையில் லட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. விசேஷ வீட்டில் எதற்குச் சண்டை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "வாரேன் டீச்சர்"னு சொல்லிட்டுப் போய்விட்டான்.

மருமகன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பெண் கல்யாணப் பரபரப்பு. எட்டு வாரம் என்பது ஏன் என்று யாரும் அவருக்குப் பொறுமையாக விளக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் எதுவும் இல்லை. அழிக்கிற மாதிரித் தெரிகிற வேலைக்குக் காசு கொடுக்க யாருக்கும் மனசு வராதுதான். ஆனால் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டோடு வீட்டுக்கு வந்து, "முன்னாடி மங்கலாவாச்சும் தெரிஞ்சுது, இப்பம் ஒண்ணுமே தெரியல"ன்னு டாக்டரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறோமா? ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்றால் ஊற்றுவதில்லை. டாக்டர் படித்தவர் என்று நம்புகிறோம். புல்தரைக்காரன் படிக்காதவன் என்று முடிவு கட்டிவிட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெரிய பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தென்காசிக் குடும்பத்துப் பிள்ளை ராமநாதன் கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அரையிறுதி வரை ஆடினாரே, அந்த விம்பிள்டன் மைதானத்தில் 2001 முதல் முழுக்க ரை புல்தான். ஆட்டத்தின்போது 8 மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருப்பார்கள். போட்டி முடிந்ததும் மேலே இருக்கிறதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் விதைக்கிறார்கள். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் நடக்கிற அகஸ்டாவில் கோடை முழுக்க மைதானத்தை மூடிவிடுவார்கள், இலையுதிர் காலத்தில் அருகின் மேல் ரை விதை தூவுவார்கள், ஏப்ரலில் போட்டி. அவ்வளவு தூரம் ஏன்? 1848இல் உருவாக ஆரம்பித்த நம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் சீசனுக்கு முன்னால் புல்வெளிக்குள் ஆளை விடாமல் கயிறு கட்டிவிடுகிறார்கள். நாம் டிக்கெட் எடுத்து உள்ளே போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோம். பக்கத்தில் சங்கர்நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் ஆட்டம் பார்க்கும்போது பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்கிறோம். அந்தப் பச்சைக்குப் பின்னால் எத்தனை நாள் அது கண்ணுக்கு அழகில்லாமல் கிடந்திருக்கும் என்று நினைப்பதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேலைக்காரனுக்கு அவன் கேட்கிற நாளைக் கொடுக்காமல், நம் விசேஷத் தேதியை அவன் தலையில் கட்டினால், நாம் அவனை ஏமாற்றுக்காரன் ஆக்குகிறோம். அப்புறம் "ஒருத்தனும் உண்மையா வேலை செய்யதில்ல"ன்னு நாமே புலம்புகிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். துபாயில் குளிர்காலத்தில் அருகு நிறம் மங்கிப்போவதால் அதன் மேல் ரை விதை தூவுவார்களாம். ரை ஒரே வாரத்தில் முளைத்து, கிளிப் பச்சையில் தரையை மூடும். வெயில் ஏறினதும் செத்துப்போகும். அது குளிர்ப் பிரதேசத்துப் புல். நம் திருநெல்வேலி வெயிலில் அதற்கு வாழ்வு கிடையாது. இவன் நினைத்திருந்தால் சண்டைத் தொடாமல், மேலே நாலு கிலோ ரை விதையை வீசி, யூரியாவைக் கரைத்துத் தெளித்திருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று கொஞ்சம் பச்சை காட்டியிருக்கும். முழுப் பணமும் கைக்கு வந்திருக்கும், சம்பந்தி வீட்டாரின் பாராட்டும் கிடைத்திருக்கும். ஒரு மாசத்தில் எல்லாம் காய்ந்து, அடியில் சண்டு இன்னும் கனத்திருக்கும். "வெயில் அண்ணாச்சி, என்ன செய்ய"ன்னு சொன்னால் நாம் நம்பியிருப்போம். அதைச் செய்யாதவனுக்குத்தான் 9,000 ரூபாய் நஷ்டம். பொய் வேலைக்கு முழுக் கூலி, மெய் வேலைக்கு அரைக் கூலி என்று ஒரு வழக்கத்தை நாமே உண்டாக்கினால், அவனிடம் வேலை பழகுகிற அந்த இரண்டு பையன்களும் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

"தண்ணிப் பஞ்சத்துல எதுக்கு டீச்சர் புல்தரை? கத்திரி, வெண்டை போடலாமே"ன்னு ஒரு சிலர் கமெண்ட் போடுவீர்கள். நியாயமான கேள்வி. என் வீட்டில் புல்தரை கிடையாது, முருங்கையும் கறிவேப்பிலையும்தான். பொதிகையில் பிறந்து வருகிற நம் தாமிரபரணித் தண்ணீரை வீணாக்க எனக்கும் மனசு வராது. ஆனால் ஒருவர் புல்தரை வைத்துவிட்டார் என்றால், தண்ணீரை அதிகம் வீணாக்குவது பராமரிக்காத புல்தரைதான். சண்டு மூடிய தரையில் தினமும் விட்டாலும் வேருக்குப் போகாது. சண்டை எடுத்து வேரை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் வாரம் இரண்டு தடவை ஆழமாக விட்டாலே தாக்குப் பிடிக்கும். இப்போது மருமகன் வீட்டுத் தோட்டக்காரர் அப்படித்தான் விடுகிறார்.

ஆமாம், இப்போது அந்தப் புல்தரை நன்றாக இருக்கிறது. எப்படி என்று கேளுங்கள். புரட்டாசி ஆரம்பத்தில், மருமகன் வீட்டில் எல்லாரும் வெளியூர் போயிருந்த சமயம், அவன் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு வந்து, நாற்காலி மிதித்த இடங்களை எல்லாம் மறுபடியும் கிளறி விதை தூவிவிட்டுப் போயிருக்கிறான். தன் கைக்காசு. எனக்கும் சொல்லவில்லை. வடகிழக்கு மழை பிடிக்கும் முன்னால் முளைத்து வேர் பிடித்தது. கார்த்திகையில் போய்ப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கியது. ஒரு திட்டு இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பாராட்டுகிறார்கள். மருமகன் மனைவியே என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அவனிடம் கேட்டேன். "ஊருக்குள்ள பேரு கெட்டிரக் கூடாதுல்லா டீச்சர். அந்த வீட்டு லானைப் பாத்துத்தான் நாலு பேரு கூப்பிடுவாங்க." பாக்கியை நான் தருகிறேன் என்றேன். "நீங்க குடுத்தா வாங்க மாட்டேன். வேலை உங்களுக்குச் செய்யலல்லா." கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே, "ஒம்பதாம் கிளாஸ்ல நீங்க சொன்னது பலிச்சிட்டு டீச்சர்"னான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வகுப்பில் நான் சொன்ன வார்த்தையும், நிச்சயதார்த்த வீட்டில் மருமகன் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கல்யாண வீட்டில் பெரியவர்கள் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோம். வாழ்த்துவதற்கு அருகு வேண்டும். அந்த அருகை வேரூன்ற வைக்கிறவன் மட்டும் இளக்காரம். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இங்கேயும் கேட்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு 40 பேர் முன்னால் சொன்னேன். அந்த 40 பேரில் பாதிப்பேர் இதைப் படிப்பீர்கள். நான் அதே மாதிரி சொன்ன மற்ற பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்களிடமும் சேர்த்துத்தான்.

இனி, புல்தரை வைத்திருக்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதில் சில:

1. நடந்தால் மெத்தை மாதிரி அமுங்கினால் சந்தோஷப்படாதீர்கள். கத்தியால் ஒரு துண்டு பெயர்த்துப் பாருங்கள். பழுப்பு அடுக்கு அரை அங்குலத்தைத் தாண்டினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

2. மாசாமாசம் யூரியா வேண்டாம். தினம் கொஞ்சம் தண்ணீர் விடுவதை விட, இடைவெளி விட்டு ஆழமாக விடுங்கள்.

3. சண்டு எடுப்பதும் விதைப்பதும் புல் நன்றாக ஓடி வளர்கிற வெயில் காலத்தில். கொட்டுகிற மழைக்குக் குறைந்தது ஒரு மாசம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு அந்த இடத்தில் எந்த விசேஷமும் வைக்காதீர்கள்.

4. முளைவிட்டு வேர் பிடிக்கும் வரை மிதிக்கக் கூடாது, களைக்கொல்லி அடிக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் நாய்க்கும் வேறு இடம் பாருங்கள்.

5. "ஒரே வாரத்தில் பச்சை" என்று யாராவது சொன்னால், என்ன விதை என்று பெயர் கேளுங்கள்.

எந்தத் தொழிலில் இருக்கிற மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவனிடமும் இதைச் சொல்லிவிட்டேன். வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதீர்கள். ஒரு தாளில், முதல் வாரம் எப்படி இருக்கும், மூன்றாம் வாரம் எப்படி இருக்கும், எட்டாம் வாரம் எப்படி இருக்கும் என்று எழுதி, முன்னால் செய்த வேலையின் போட்டோவோடு கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பணம் முதலிலேயே வாங்குங்கள். சொந்தக்காரர் ஆனாலும் சரி, டீச்சர் சொன்னாலும் சரி. முக்கியமாக, முடியாது என்று ஒரு தடவை சொன்ன பிறகு டீச்சருக்காக முடியும் என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக மருமகனுக்கு. இதை நேரில் இரண்டு தடவை சொல்ல வந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லாததை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் "அவர் முன்னாடியே சொன்னாரு, நான்தான் உங்ககிட்ட சரியாச் சொல்லல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். இப்போது சொல்கிறேன். தை முடிவதற்குள் அவனைக் கூப்பிட்டு, அந்தப் புல்தரையிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையில் கொடுங்கள். இப்போது மிதித்தாலும் தாங்கும்.

கமெண்டில் யாரும் அந்த வீட்டு அடையாளத்தையோ பையன் பெயரையோ எழுத வேண்டாம். அவனைக் கூப்பிட விரும்புகிறவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள், நம்பர் தருகிறேன். ஆனால் ஆனி பிறக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். விசேஷத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வராதீர்கள். வந்தால் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எல்லாரும் நல்லா இருங்க.

— உங்கள் சயின்ஸ் டீச்சர், தச்சநல்லூர்